தண்டில் சுற்றிய தந்தி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாஸ்கா திருவிழிப்பு இரவு. இருள் சூழ்ந்த ஆலயத்தில் பாஸ்காத் திரியின் ஒளி கைக்குக் கை பரவியது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஒவ்வொன்றாய் நிறைவுற்றன. மணிகள் முழங்க, 'உன்னதங்களிலே' கீதத்தை எழுப்ப வேண்டிய வேளை வந்தது. பாடகர் குழு எழுந்து நின்றது. கித்தாரின் முதல் ஒலி எழுந்தபோதே ஏதோ பிசகிவிட்டது என்பது நமக்குப் புரிந்தது. ஒரு தந்தி சுருதியைவிட்டு இறங்கி நின்றது. வாசித்த இளைஞர் பதற்றத்தோடு அதை முறுக்கி ஏற்றினார். இரண்டு அடிகள் பாடி முடிப்பதற்குள் அது மீண்டும் இறங்கியது. பாடுவோர் ஒரு சுருதியிலும் கருவி மறு சுருதியிலுமாக அந்தப் பெருங்கீதம் ஒருவாறு முடிந்தது.

திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலிலேயே, பலர் கேட்க, அந்த இளைஞரைக் கடிந்துகொண்டோம். "சாமி, சாயங்காலந்தான் புதுத் தந்தி மாட்டினேன். சுருதியும் சரியாத்தான் சேர்த்தேன்" என்றார் அவர். "தவக்காலம் முழுவதும் நேரம் இருந்ததே, தம்பி?" என்று கேட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் பாடகர் குழுவில் அவரைக் காணவில்லை.

கித்தாரில்தான் பழுது என்று எண்ணி, நகரத்தில் இசைக்கருவிகளைச் செப்பனிடும் ஒரு முதியவரிடம் அதை எடுத்துச் சென்றோம். அவர் அதை வாசித்துப் பார்க்கவில்லை, தட்டிப் பார்க்கவுமில்லை. தலைப்பகுதியில் தந்தி சுற்றியிருந்த தண்டை மட்டும் உற்று நோக்கினார். "சாமி, தந்தி மேலயும் குத்தம் இல்ல, கித்தார் மேலயும் குத்தம் இல்ல. சுத்தின விதந்தான் தப்பு" என்றார். அந்தத் தந்தியை அவிழ்த்தபோது ஏழு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் குவிந்திருந்தன. அவர் அதே தந்தியை இரண்டரைச் சுற்றில் மாட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தார். அதன்பின் அது இறங்கவேயில்லை.

இறுக்கமாய் நிற்க வேண்டுமெனில் அதிகம் சுற்ற வேண்டும் என்றே நாமும் எண்ணியிருப்போம். இரண்டரைச் சுற்றில் நிற்பது ஏழு சுற்றில் நிற்காதது ஏன்? இந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதன் விடையைத் தேடிச் சென்றபோது, ஒரு தந்தியைத் தண்டில் நிறுத்துவதற்கு மனிதர் ஐந்து நூற்றாண்டுகளாக அடைந்த பாடுகளின் வரலாறே விரிந்தது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரப்பிரடையும் ஆட்டுக்குடலும்

கித்தாரின் உறுப்புகளுக்கு வீணையிலிருந்தே பெயர் கொள்ளலாம். தந்தியைத் தாங்கி அதிர்வை உடலுக்குக் கடத்துவது குதிரை. கழுத்தில் சுரங்களைப் பிரிப்பவை மெட்டுகள். தந்தியை முறுக்குவது பிரடை. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் படிந்து செல்லும் சிறு எலும்புத் துண்டை மேற்கட்டை என்போம். தந்தி ஒலிப்பது குதிரைக்கும் மேற்கட்டைக்கும் இடையில். ஆனால் அது ஒலிக்க வல்லதா என்பதை முடிவு செய்வது மேற்கட்டைக்கு அப்பால், எவரும் கவனிக்காத தலைப்பகுதியில்.

16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளின் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வழங்கிய கித்தாருக்கும், அதன் உறவான விகுவேலாவுக்கும், லூட் என்னும் கருவிக்கும் தந்தி என்பது ஆட்டின் குடல். குடலைக் கழுவி, மென்படலத்தைப் பிரித்து, இழைகளாக முறுக்கி, உலர்த்தித் தந்தியாக்கினர். கழுத்தின் மெட்டுகளும் அதே குடலைச் சுற்றிக் கட்டியவையே. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைக் கேட்டுப் பூனைக்குடல் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது ஆட்டுக்குடலே.

பிரடையோ வெறும் மரம். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து, அதே வடிவில் குடைந்த துளையில் செருகப்பட்டிருக்கும். ஆணியில்லை, பல்லில்லை, பூட்டில்லை. மரத்தோடு மரம் உராயும் உராய்வு ஒன்றே அதன் பலம். அக்காலக் கித்தாரின் தலை தட்டையான பலகை. பிரடைகளைப் பின்புறமிருந்து செருகுவர். தந்தியை முன்புறம் சுற்றுவர். பிரடையின் நுனியிலுள்ள சிறு துளையில் தந்தியை நுழைத்து, முதல் சுற்றைத் தந்தியின் நுனிமேலேயே படுமாறு சுற்ற வேண்டும். அடுத்த சுற்றுகள் தலைப்பலகையின் முகத்தை நோக்கி நெருங்கிச் செல்ல வேண்டும். அப்படிச் செல்லும்போது சுற்றுகள் பலகையில் முட்டி, பிரடையை முன்னோக்கி இழுக்கும். பருத்த பகுதி துளையில் மேலும் இறுகும். எதிர்த்திசையில் சுற்றினாலோ இந்த உதவி கிட்டாது, பிரடை வழுக்கும், சுருதி ஒரு நொடியில் சரியும். வழுக்கும் பிரடைக்குச் சுண்ணக்கட்டியும், இறுகிப்போன பிரடைக்குச் சவர்க்காரமும் தடவுவது இன்றும் வழக்கில் உள்ள பழைய மருத்துவம்.

இங்கேயே நம் கேள்விக்குரிய விடையின் முதற்பகுதி கிடைத்துவிடுகிறது. தந்தியின் நுனியை எந்த முடிச்சும் பிடித்திருக்கவில்லை. தந்தியின்மேல் தந்தியே படுத்து அழுத்துகிறது. குதிரையிலும் இதுவே முறை: துளைவழி வந்த தந்தியை வளைத்து, தன்னடியிலேயே செருகிவிடுவர். தந்தியை அவிழ்த்துவிடப் பார்க்கும் அந்த இழுவையே அதைக் கட்டிவைக்கும் கயிறாகவும் ஆகிறது.

சுருதி சேர்ப்பதில் கழிந்த வாழ்நாள்

ஆயினும் குடலும் மரமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. மழை நாளில் குடல் உப்பும், பிரடையும் உப்பும், வெயில் நாளில் இரண்டும் சுருங்கும். எனவே அக்கால இசை நூல்கள் யாவும் தந்தியைப் பற்றிய கவலையோடே தொடங்குகின்றன. 1536இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் லூயிஸ் டி மிலான் வெளியிட்ட 'எல் மேஸ்ட்ரோ' என்னும் விகுவேலா நூல், முதல் தந்தியை அது எவ்வளவு தாங்குமோ அவ்வளவு ஏற்றி, அதற்கேற்ப மற்றவற்றைச் சேர்க்கச் சொல்கிறது. சுருதிக்கு அன்று பொது அளவு இல்லை. தந்தியின் தாங்கும் திறனே அளவு. 1610இல் ஜான் டௌலண்ட் நல்ல தந்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாய் எழுதினார். 1676இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த தாமஸ் மேஸ், பகலில் லூட்டைப் படுக்கையில் கம்பளிக்குள் வைத்துக் காக்குமாறு அறிவுரை கூறினார். ஈரம் அண்டாதிருக்க அதுவே வழி என்பது அவர் அனுபவம். 1713இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் மத்தேசன், எண்பது வயது வாழ்ந்த லூட் கலைஞர் ஒருவர் அதில் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று கேலி செய்தார்.

இவ்வரிசையில் ஒரு குருவானவரும் உண்டு. அரகோன் நாட்டுக் கலந்தா ஊரில் பிறந்து, சலமாங்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற காஸ்பர் சான்ஸ் என்பவரே அவர். 1674இல் சரகோசாவில் வெளிவந்த அவருடைய நூல், ஸ்பானியக் கித்தாரை முறையாய்க் கற்பிக்கும் முதன்மையான நூல்களுள் ஒன்று. மெட்டுகளை எங்கே கட்டுவது, தந்திகளை எப்படித் தேர்ந்து மாட்டுவது என்பதையெல்லாம் அவர் அதில் சொல்கிறார். உரோமையில் உள்ள ஆசான்கள் மெல்லிய தந்திகளை மட்டுமே மாட்டுவர் என்றும், ஸ்பெயினில் தடித்த தந்திகளும் வழக்கம் என்றும், நுண்ணிய வாசிப்புக்கு முன்னதும் உரத்த வாசிப்புக்குப் பின்னதும் ஏற்றவை என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறார். இறையியல் கற்றவர் தந்தியின் தடிமனைப் பற்றிக் கவலைப்படுவதா என்று அவர் நாணவில்லை. நாமோ ஒரு தண்டைக் குனிந்து பார்க்கவும் நேரமின்றி ஒரு பிள்ளையைக் கடிந்துகொண்டோம் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

18ஆம் நூற்றாண்டின் முடிவில் கித்தார் உருமாறியது. இரட்டை இரட்டையாய் மாட்டிய ஐந்து இணைத் தந்திகளுக்குப் பதிலாக ஆறு தனித்தந்திகள் நிலைபெற்றன. ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 இரவு, புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் உதவிப் பங்குக்குரு யோசேப்பு மோர் கையில் ஏந்தியது இத்தகைய கித்தாரே. 1816இல் தாம் எழுதிய கவிதையைப் பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபரிடம் அன்று கொடுத்து, இரு குரலுக்கும் குழுவுக்கும் கித்தாருக்குமாக இசையமைக்கக் கேட்டார் என்பதைக் குரூபரே 1854இல் எழுதிவைத்துள்ளார். உலகெங்கும் நாம் பாடும் 'அமைதியான இரவு' அவ்வாறு பிறந்தது. எலிகள் ஆர்கனைக் கடித்துவிட்டன என்ற கதை பின்னாளில் சேர்ந்தது. மோரின் கித்தார் இன்றும் ஹாலைன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. டிசம்பர் குளிரில், குடல் தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டு அந்த இளங்குரு நின்றதை எண்ணிப் பார்க்கையில், அந்தப் பாடல் நமக்கு இன்னும் நெருங்கி வருகிறது.

திருகும் பற்சக்கரமும்

வழுக்கும் பிரடைக்கு மாற்று தேடும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் செய்யப்பட்ட ஒருவகைக் கித்தாரில், கம்பித் தந்திகளின் வளையங்களைக் கொக்கிகளில் மாட்டி, கடிகாரச் சாவி போன்ற சாவியால் திருகி ஏற்றினர். ஆனால் நிலைத்து நின்றது வேறொரு முறை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வியன்னாவில் யோகான் கியோர்க் ஸ்டாஃபர் முதலான கைவினைஞர்கள் செய்த கித்தார்களில், தண்டின் அடியில் ஒரு பற்சக்கரமும் அதைத் தொடும் மரைத்திருகும் இருந்தன.

இதன் நுட்பம் எளியது. விரலால் திருகைச் சுழற்றினால் சக்கரம் சிறிது சிறிதாய் நகரும். பல கருவிகளில் திருகு பதினான்கு முறை சுழன்றால்தான் தண்டு ஒரு முறை சுழலும். ஆனால் தந்தி எவ்வளவு இழுத்தாலும் சக்கரத்தால் திருகைப் பின்னோக்கிச் சுழற்ற இயலாது. ஒரு திசையில் கதவு திறக்கிறது. மறு திசையில் அடைத்துக்கொள்கிறது. பிரடை வழுக்கும் என்ற பழைய துன்பம் இத்தோடு தீர்ந்தது.

இக்கருவியின் கதையோடு ஒரு புலம்பெயர்ந்த குடும்பத்தின் கதையும் பின்னியிருக்கிறது. சாக்சனி நாட்டு மார்க்நாய்கிர்ஹென் ஊரில் 1796இல் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின், வியன்னாவில் ஸ்டாஃபரிடம் தொழில் கற்றவர். அவருடைய குடும்பம் மரச்சாமான் செய்வோர் சங்கத்தைச் சேர்ந்தது. "வயலின் செய்யும் நாங்களே கலைஞர்கள், அலமாரி செய்வோர் கித்தார் செய்யலாகாது" என்ற பொருள்பட வயலின் செய்வோர் சங்கத்தார் 1826 முதல் வழக்காடினர். தீர்ப்பு மரச்சாமான் செய்வோருக்கே சாதகமாயிற்று. ஆயினும் மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயார்க்கில் கடை வைத்தார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவில் மொரேவியச் சபையினர் நிறுவிய ஊருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வூரின் பெயர் நாசரேத்து. அவர் பெயரிலான பட்டறை இன்றும் அங்கேதான் உள்ளது. அவருடைய தொடக்ககாலக் கித்தார்கள் பலவற்றில், ஆறு திருகுகளும் ஒரே பக்கம் வரிசையாய் நிற்கும் ஸ்டாஃபரின் தலையமைப்பைக் காணலாம். தச்சன் செய்வது கலையாகுமா என்று கேட்கப்பட்டவர், நாசரேத்தூரில் குடியேறியது தற்செயலே. எனினும் நம்மால் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

பற்சக்கரம் எல்லாரையும் வென்றுவிடவில்லை. ஸ்பெயினில் ஃபிளாமென்கோ இசைக்குரிய கித்தார்களுக்கு, எடை குறைவு என்பதால், மரப்பிரடையே நெடுங்காலம் விரும்பப்பட்டது. ஆனால் பற்சக்கரம் ஏற்ற இடங்களில் பிரச்சினை இடம் மாறியது. முன்பு துளையில் பிரடை வழுக்கியது. இப்போது தண்டு அசையாது. அந்தத் தண்டின்மேல் தந்தி வழுக்கலாம். எந்திரம் தன் பங்கைச் செய்துவிட்டது. எஞ்சியது சுற்றும் கையின் பங்கு.

எஃகும் நைலானும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எஃகுத் தந்திகள் பரவின. மார்ட்டின் நிறுவனம் 1922இல் எஃகுத் தந்திக்கென்றே உள்வலுவூட்டிய மாதிரி ஒன்றை வழக்கமான தயாரிப்பாகக் கொண்டுவந்தது. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு ஒப்பான இழுவையைத் தருகின்றன. ஒரு வளர்ந்த மனிதர் கித்தாரின் தலையில் தொங்குவதைப் போல. எஃகு வழவழப்பானது, குடலைப்போல் மென்மையாய்ப் பதிந்து கொடுக்காது. எனவே நுனியை மடித்துப் பூட்டும் முறை பழக்கத்திற்கு வந்தது.

குடல் தந்திக்கு முடிவு கட்டியது போர். இரண்டாம் உலகப்போரின்போது, காயமுற்றோரைத் தைக்கும் அறுவை நூலுக்காகக் குடல் பெருமளவில் ஒதுக்கப்பட்டது. இசைக்கலைஞருக்குத் தந்தி கிடைப்பது அரிதாயிற்று. மனிதரின் புண்ணைத் தைப்பதற்காக இசை சற்று மௌனம் காத்தது என்றால் அதில் குறை காண யாருக்கு மனம் வரும்? அமெரிக்க டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலான் அப்போது புதியது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கருவி வினைஞர் அந்த நைலானிலிருந்து தந்தி செய்ய முற்பட்டார். புகழ்பெற்ற கித்தார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா (1893-1987) அவருக்கு ஊக்கமளித்து, அத்தந்திகளையே மேடையில் ஏற்றார். 1940களின் பிற்பகுதியில் அவை விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளில் குடல் ஏறத்தாழ மறைந்தது.

நைலான் ஈரத்திற்கு அஞ்சாது, மலிவு, நீடித்துழைக்கும். ஆனால் அது மிக வழுக்கும். மேலும் புதுத் தந்தி பல நாள் நீண்டுகொண்டேயிருக்கும். எனவே தலையின் பிளவில் கிடையாய் அமைந்த உருளையில் அதை மாட்டும்போது, துளையில் நுழைத்த நுனியைப் பின்னால் வளைத்து, தந்தியின் அடியிலேயே செருகுவர். தடித்த தந்திக்கு ஒரு செருகல் போதும். மெல்லியதற்கு இரண்டு வேண்டும். பிறகு மேற்கட்டையிலிருந்து தந்தி கூடியவரை நேராய் வரும்படி சுற்றுவர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் குடலுக்குச் செய்ததே நைலானுக்கும்: தன்மேல் தானே சாய்தல்.

ஆலயத்தில் கித்தார்

திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22இல், புனித செசிலியா திருநாளன்று, திரு இசை பற்றி வெளியிட்ட மடலில் ஆலயத்தில் பியானோவையும் பறை, கைத்தாளம் போன்ற ஓசைமிகு கருவிகளையும் விலக்கினார். ஆர்கனே ஆலயத்தின் கருவியாய் இருந்தது. 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, ஆர்கனை உயர்வாய் மதித்ததோடு, திருவழிபாட்டுக்குத் தகுந்தவையாய் இருக்கும் பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு ஏற்கலாம் என்றது. 1967இல் வந்த திரு இசை பற்றிய அறிவுரை, மக்களின் பண்பாட்டையும் மரபையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. ஆர்கன் வாங்க வசதியற்ற பங்குகளுக்கு, தோளில் சுமந்து வரக்கூடிய கித்தார் ஏற்றதாயிற்று. மோர் அடிகளார் ஓர் இரவில் செய்தது, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பல நாடுகளில் ஞாயிறுதோறும் நடக்கலாயிற்று. ஆர்கன் வாசிப்போர் பலர் முறையாய்ப் பயின்றனர். கித்தார் வாசிக்கும் நம் இளைஞர்களோ ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றவர்கள். தந்தியை எப்படிச் சுற்றுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்?

இரண்டரைச் சுற்றின் கணக்கு

கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர் இதை நன்கு அறிவர். கரையில் நட்ட கட்டையில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், அலையில் இழுபடும் பெரிய படகையும் ஒருவர் ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். இதன் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதையும், 1808இல் ஐடல்வைன் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரும் வகுத்தனர். உராய்வின் அளவு 0.2 என்று கொண்டால், ஒரு சுற்று நம் பிடியை ஏறத்தாழ மூன்றரை மடங்காக்கும். இரண்டு சுற்று 12 மடங்காக்கும். மூன்று சுற்று 43 மடங்காக்கும். 10 கிலோ இழுவையுள்ள தந்தியானாலும் மூன்று சுற்றுக்குப் பின் அதன் நுனியைப் பிடித்திருக்கத் தேவையான பலம் கால் கிலோவுக்கும் குறைவே. அந்தச் சிறு பலத்தை, நுனிமேல் படியும் முதல் சுற்றே தந்துவிடும்.

அப்படியானால் ஏழு சுற்று இன்னும் வலுவாய் நிற்க வேண்டுமன்றோ? இல்லை. பிடிப்பு ஏற்கெனவே போதுமானது. மிகுதியாய்ச் சேர்ந்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடையில் தளர்வோடு கிடக்கும். வாசிக்க வாசிக்க அத்தளர்வுகள் ஒவ்வொன்றாய் இறுகும், இறுகுந்தோறும் தந்தி சிறிது நழுவும், சுருதி இறங்கும். தண்டிலுள்ள தந்தியின் நீளம் கூடினால், நீளக்கூடிய பகுதியும் கூடும். பாஸ்கா இரவில் நம் ஆலயத்தில் நடந்தது இதுவே. தந்தி நழுவியது பிடிப்புக் குறைந்ததால் அன்று. பிடிப்பு என்று எண்ணிச் சேர்த்த மிகுதியால்.

20ஆம் நூற்றாண்டின் புதுமைகள் யாவும் இவ்வுண்மையை நோக்கியே சென்றன. அமெரிக்கக் குளுசன் நிறுவனத்தின் பிளவுத் தண்டில், தந்தியை அளவாய் வெட்டி, நுனியைத் தண்டின் நடுத்துளைக்குள் இறக்கி, பிளவில் மடித்துச் சுற்றலாம். 1950களில் ஃபெண்டர் மின்கித்தார்களில் இது பெரிதும் பயன்பட்டது. ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் 1979இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் தந்தி மேற்கட்டையிலேயே திருகால் இறுக்கப்படுகிறது. பிற்காலத்தில் வந்த பூட்டுத்தண்டுகள் தந்தியை உள்ளே கவ்விப் பிடிப்பதால் ஒரு சுற்றுக்கூடத் தேவையில்லை. எல்லாம் சுற்றைக் குறைக்கவே வந்தவை.

சாதாரண எஃகுத் தந்திக் கித்தாருக்கு அந்த முதியவர் காட்டிய முறையைப் பாடகர் குழுக்களின் பயனுக்காக இங்கே தருகிறோம். தந்தியைக் குதிரையில் பொருத்தி, தண்டின் துளையில் நுழைத்து இழுத்துப் பிடித்தபின், ஏறத்தாழ இரண்டு அங்குலம் பின்னோக்கித் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வே இரண்டு மூன்று சுற்றாகும். நுனியைத் தண்டைச் சுற்றி எதிர்த்திசையில் வளைத்து, தந்தியின் அடியில் கொண்டுபோய், மேலே மடக்க வேண்டும். திருகும்போது தந்தியே அதைக் கவ்விக்கொள்ளும். சுற்றுகள் மேலிருந்து கீழாக, ஒன்றையொன்று தொட்டு, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இறங்க வேண்டும். அப்போதுதான் தந்தி மேற்கட்டையில் நன்கு அழுந்தும். மெல்லிய தந்திக்கு ஒரு சுற்று கூடுதலாக இருக்கலாம். கம்பி சுற்றிய தடித்த தந்தியை வெட்டுமுன் மடக்கிவிட வேண்டும். இல்லையேல் மேற்சுற்றுக் கம்பி உரிந்துவரும். சுருதி சேர்த்தபின் தந்தியை விரலால் மெல்ல இழுத்து, இறங்கிய சுருதியை மீண்டும் ஏற்ற வேண்டும். இறங்காத நிலை வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கூடுமானால் பெருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பே மாட்டிவிடுவது நலம்.

மன்னிப்பு

கித்தாரோடு திரும்பிய அன்று மாலையே அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய தாயார் பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "தம்பி, நீ மாலையில் சரியாகச் சுருதி சேர்த்தாய் என்று சொன்னது உண்மைதான். விசாரிக்காமல், பலர் முன் உன்னைக் கடிந்துகொண்டது நம் தவறு" என்றோம். அவர் தலை குனிந்திருந்தார். சற்று நேரங்கழித்து, "பரவாயில்லைங்க சாமி. இறுக்கமா நிக்கட்டும்னுதான் நிறையச் சுத்தினேன்" என்றார்.

அந்தச் சொல் நம்மைத் தைத்தது. அவர் கவனமின்றிச் செய்யவில்லை. கவனத்தின் மிகுதியால் செய்தார். பெருவிழாவில் தந்தி நழுவிவிடக் கூடாதே என்ற அச்சத்தில், அறிந்த ஒரே வழியாகிய மேலும் ஒரு சுற்று, மேலும் ஒரு சுற்று என்று சுற்றியிருக்கிறார். நாமும் அவ்வாறே ஒழுங்கு நழுவிவிடக் கூடாதே என்று கடிந்த சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சுற்றினோம். நழுவியது அவர்தாம்.

மறுநாள் நாம் இருவருமாக அந்த முதியவரிடம் சென்றோம். அவர் அந்த இளைஞரின் கையாலேயே ஆறு தந்திகளையும் அவிழ்த்து மாட்டச் செய்தார். மூன்று முறை தவறியது. நான்காம் முறை சுற்றுகள் வரிசையாய் இறங்கின. தூய ஆவியின் பெருவிழாவன்று அவர் மீண்டும் பாடகர் குழுவில் நின்றார். இன்று நம் பங்கில் கித்தார் கற்கும் சிறுவர்களுக்கு அவர் முதல் வகுப்பில் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பழைய தந்தியைக் கையில் கொடுத்து, தண்டில் சுற்றச் சொல்கிறார். பிறகு அவர்கள் சுற்றியதைத் தாமே குனிந்து பார்க்கிறார்.